முன்வாசல் கீரையும் வீட்டு ரொட்டியும்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் இருக்குறது மலேசியாவுல, பேராக்ல, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான்ல, அதாவது வரிசையா வீடு கட்டி விட்ட குடியிருப்புல. டெரஸ் வீடு, காடி, அதான் காரு, நிறுத்துற சிமெண்டு போக முன்னாடி மிஞ்சுனது இருபதடிக்கு எட்டடி மண்ணுதான். பொறந்து வளந்தது தோட்டத்து லயத்துல, அதாவது எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீட்டுல. அந்த எட்டடி மண்ணுல கீரை, வெண்டி, மொளகா, பயத்தங்கா போட்டிருக்கேன், சனிக்கிழமை ஆனா ரொட்டி சுடுறேன். கோயில்ல, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில, பிள்ளைய ஏத்திக்க ஸ்கூல் வாசல்ல நிக்கிறப்பன்னு எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய இதே கேள்விங்கதான், சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போய் எழுதி வச்சுட்டேன்.

அக்கா, எங்க வீட்டு முன்னாடி செம்மண்ணு கல்லு மாதிரி கெடக்கு, அதுல என்னதான் வரும்?

அப்படியே போட்டா ஒண்ணும் வராது. தாமான் கட்டுறப்ப நல்ல மேல் மண்ண வழிச்சு எடுத்துட்டு, அடிமண்ண லாரி லாரியா கொட்டி மட்டம் பண்ணிடுறாங்க. நான் முதல் தடவ சங்கோல் மண்வெட்டி போட்டப்ப செங்கல் துண்டு, சிமெண்டு கட்டி, ஓட்டுச் சில்லு, ஒத்தைக்கால் செருப்பு ஒண்ணு கூட வந்துச்சு. தோட்டத்துல எங்க பாட்டி லயத்துக்குப் பின்னாடி வெத போட்டா மறு வாரமே மொளைக்குமேன்னு நெனச்சுக்கிட்டு நானும் வெண்டி வெத தூவுனேன், ஒரு சாண் வளந்து மஞ்சளா நின்னுச்சு. பாட்டி மண்ணு நாப்பது வருஷம் அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணியும் தின்ன மண்ணு, அது எனக்கு அப்ப ஓடல.

நம்ம பக்கத்துச் செம்மண்ணு புளிச்ச மண்ணு. வருஷம் பூரா பெய்யுற மழை சுண்ணாம்புச் சத்த அடிச்சுக்கிட்டுப் போயிடுது, அதனால புளிப்பு கூடக் கூட எறங்குற பி.எச். அளவு 5-ஐ ஒட்டியோ அதுக்கும் கீழயோதான் நிக்கும். கித்தாவுக்கு, அதான் ரப்பருக்கு, அது பெரிய விஷயமே இல்ல, பக்கத்துல கோலகங்சார்ல 1877-ல நட்ட கித்தா மரம் இன்னைக்கும் நிக்குது. கீரை அப்படி இல்ல, புளிச்ச மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேர் முனைய கருக்கிடும், செடி குட்டையாவே நின்னுடும். செடிக்கடைல டோலமைட்னு வெள்ளச் சுண்ணாம்புப் பொடி கெடைக்கும், ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு கைப்பிடி தூவி, கொத்தி கலந்து, தண்ணி விட்டு ரெண்டு வாரம் சும்மா விடுங்க. அதுக்கப்புறம்தான் எரு. ரெண்டையும் ஒண்ணா போட்டா எருவுல உள்ள சத்து அமோனியாவா ஆவியாப் போயிடும், மூக்க பொத்திக்கிட்டு நிக்கணும், காசும் காத்துல போச்சு.

பாத்திய ஒரு சாண் ஒயரத்துக்கு மேல ஏத்திக் கட்டுங்க, நம்ம மழைக்குத் தாழ்ந்த பாத்தி குளமாயிடும்.

எங்க வீட்டுல மண்ணே இல்ல, வாசல் மொத்தம் சிமெண்டு. பையில வைக்கலாமா?

தாராளமா. பதினாறுக்குப் பதினாறு அங்குல பாலிபேக் வாங்குங்க, மொளகா, கத்திரி, வெண்டி எல்லாத்துக்கும் அது போதும். மண்ணு மூணு பங்கு, மக்குன எரு ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இதான் நர்சரிக்காரங்க கணக்கு. நான் மணல்ல பாதிய கொறச்சு நெல் உமி போடுறேன், பை தூக்க லேசா இருக்கும். அடியில தட்டு மட்டும் வைக்காதீங்க. தட்டுல தண்ணி நின்னா ஏடிஸ் கொசு முட்டை போடும், நம்ம சூட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாவே பறந்துடும். சுகாதார ஆபீஸ்காரங்க டார்ச் அடிச்சுப் பாக்க வந்து புழு இருந்துச்சுன்னா 1975-ம் வருஷத்து சட்டத்துலயே சம்மன் இருக்கு. பூவாளி, பழைய டின்னு, தேங்கா சிரட்டை எல்லாத்தையும் வாரம் ஒரு நாள் கவுத்துப் போட்டுருங்க.

முதல் தடவ போடுறவங்க எத போடலாம்?

கங்கோங்னு சொல்ற வள்ளைக்கீரை, தண்டுக்கீரை, வெண்டி. வேற எதையும் தொடாதீங்க. கடைல தண்டுக்கீரை வெத பாக்கெட்ல பாயாம்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். கங்கோங் மூணு நாலு வாரத்துல வெட்டலாம், வேரோட பிடுங்காம ரெண்டு கணு விட்டு வெட்டுனா மறுபடி தழைக்கும். கீரையும் அதே மாதிரி நாலு வாரம். வெண்டி ஒன்றரை மாசத்துல காய்க்க ஆரம்பிச்சா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும், மறந்துட்டு மூணாம் நாள் போனீங்கன்னா வெறகுதான்.

எந்த மாசம் வெதைக்கணும்னு நெறைய பேரு கேக்குறாங்க. பாக்கெட்டுக்குப் பின்னாடி, வீடியோவுல எல்லாம் பனி போனதுக்கு அப்புறம் வெதைங்கன்னு சொல்றத பாத்துட்டு கேக்குறாங்க. நமக்கு எங்க பனி? ராத்திரி 23, 24, பகல்ல 32, 33, வருஷம் பூரா பகல் பன்னண்டு மணி நேரம். எப்ப வேணாலும் போடலாம், பாக்க வேண்டியது மழை மட்டும்தான். ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் மத்தியானத்துக்கு மேல கொட்டோ கொட்டுன்னு கொட்டும், அப்ப வெதைச்சா வெதை லோங்காங் கால்வாய்க்குப் போயிடும். அந்த மாசத்துல நான் தட்டுல நாத்து விட்டு அஞ்சாறு இலை வந்ததுக்கு அப்புறம்தான் பாத்திக்கு மாத்துவேன்.

தக்காளி?

எல்லாருக்கும் தக்காளி மேல ஒரு ஆசை. குளிரான கேமரன்மலை தக்காளி மாதிரி இங்க வராதுங்க, ராத்திரி சூடு கொறையலன்னா பூ பூத்து பூத்து கொட்டிடும், காயே புடிக்காது. கொத்துக் கொத்தா சின்னதா வருமே, செர்ரி தக்காளி, அது ஓரளவு தாங்கும்.

பூவ விடுங்க, இன்னொரு தொல்லை இருக்கு. நல்லா பச்சையா நின்ன செடி ஒரு நாள் மத்தியானம் தொவண்டு போகும், தண்ணி ஊத்துவீங்க, சாயங்காலம் நிமிரும், மறுநாள் மறுபடி தொவளும், மூணாம் நாள் இல பச்சையாவே செத்துக் கெடக்கும். அது தண்ணிக் கொறை இல்ல, மண்ணுல இருக்குற பாக்டீரியா வாடல் நோய். சந்தேகமா இருந்தா அடித்தண்ட வெட்டி கண்ணாடி கிளாஸ்ல தண்ணிக்குள்ள தொங்க விட்டுப் பாருங்க, வெட்டுன எடத்துல இருந்து வெள்ளையா பால் நூல் மாதிரி கீழ எறங்கும். நான் பாத்தப்ப கித்தா பால் எறங்குற மாதிரியே இருந்துச்சு, பாக்க அழகு, ஆனா அந்தப் பாத்தியில அடுத்து தக்காளி, கத்திரி, மொளகா எதையும் வைக்க முடியாது, அம்புட்டும் ஒரே குடும்பம். செடிய வேரோட எடுத்து குப்பையில கட்டிப் போடுங்க, உரக்குழியில போடாதீங்க. சுண்டக்கா செடிக்கு இந்த நோய் அவ்வளவா புடிக்காது, அதனால சுண்டக்கா தண்டுல தக்காளிய ஒட்டுக் கட்டி வைக்கிறவங்க இருக்காங்க. நான் ரெண்டு தடவ கட்டிப் பாத்தேன், ஒண்ணு ஒட்டுச்சு.

மொளகா செடி இல சுருண்டுக்குது, கண்ணு பட்டுருச்சா?

கண்ணுமில்ல ஒண்ணுமில்ல. இலய திருப்பி அடிப்பக்கம் பாருங்க. இல மேல் பக்கமா படகு மாதிரி மடிஞ்சா அனேகமா இலைப்பேன், கீழ்ப் பக்கமா கவுந்து குருத்து இறுகுனா சிலந்திப்பேன், வெள்ளையா பொட்டுப் பொட்டா பறந்தா வெள்ளை ஈ. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற சோப்பு, கொஞ்சம் வேப்பெண்ணெய், நல்லா குலுக்கி வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம் இலைக்கு அடியில அடிங்க. மேல அடிச்சா பூச்சி சிரிக்கும். அஞ்சு நாளுக்கு ஒரு தடவ, மூணு தடவ. அதுக்கும் அடங்காம புது இல மஞ்சளும் பச்சையுமா திட்டுத் திட்டா வந்தா வைரஸ் ஏறிருச்சு, மருந்தே கெடையாது, மத்த செடிக்குப் பரவுறதுக்குள்ள பிடுங்கிடுங்க. மனசு வராதுன்னு தெரியும்.

நத்தை எல்லாத்தையும் தின்னுருதே?

ஊரு பேரே நத்தை ஆறு, வேற என்ன எதிர்பாக்குறீங்க? சுங்கைன்னா ஆறு, சிப்புட்னா நத்தை. மழை விட்ட ராத்திரி ஒம்போது மணிக்கு மேல டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க, வாளியில உப்புத் தண்ணி, கைக்கு பிலாஸ்டிக் பை. வெறும் கையால தொடாதீங்க, அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை உடம்புல மூளைக்கே ஏறுற புழு ஒண்ணு இருக்கும். நத்தை ஊர்ந்த கீரைய நல்லா அலசி வேக வச்சுத்தான் திங்கணும், பச்சையா வேண்டாம். ஒரு வாரம் விடாம பொறுக்குனா பாதி கொறஞ்சிடும். மீதி பக்கத்து வீட்டுல இருந்து வரும், அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது.

பாவக்காய அறுத்தா உள்ள புழு. வெளிய ஓட்டையே காணோமே?

பழ ஈ. பிஞ்சுலயே குத்தி உள்ள முட்டைய வச்சுட்டுப் போயிடும், காய் பெருக்குறப்ப ஓட்டை மூடிக்கும். காய் சுண்டுவெரல் அளவு இருக்குறப்பவே பழைய பேப்பர குழாய் மாதிரி சுத்தி மேல ஸ்டேப்ளர் அடிச்சுருங்க. புடலங்கா, பீர்க்கங்காவுக்கும் இதேதான். எங்க வீட்டுப் பந்தல்ல தமிழ்ப் பேப்பர் தொங்கும், கீழ நின்னு தலைப்புச் செய்தி படிச்சுட்டுப் போற ஆளுங்களும் உண்டு.

முருங்கைய வாசல்ல வைக்கக் கூடாதுங்குறாங்களே?

பேய்க் கதைய விடுங்க. மரம் மொட மொடன்னு ஒடியும், புயல் காத்துல கிளை காடி மேல விழும், கம்பளிப்பூச்சி ஏறுனா வீடு பூரா அரிப்பு. பெரியவங்க அத சொன்னா நாம கேக்க மாட்டோம்னு பேயச் சொல்லிருப்பாங்க. நான் வேலி மூலையில வச்சு, இடுப்பு ஒயரத்துக்கு வெட்டி வெட்டி விட்டுக் கீரைக்கு மட்டும் வச்சுக்குறேன்.

வேலிக்கு வெளிய சடக்கோரத்துல, ரோட்டுப் பக்கம் போடலாமா?

அது நகராண்மைக் கழகத்து எடம். வாழையோ செராய்ங்குற எலுமிச்சைப் புல்லோ வச்சா யாரும் கேக்க மாட்டாங்க, ஒரு நாள் கேட்டா வெட்டித்தான் ஆகணும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கிட்டு வைங்க. லோங்காங்க அடைக்காம இருந்தா சரி.

சரி, தோட்டம் இருக்கட்டும், ரொட்டி எப்படி ஆரம்பிச்சுச்சு?

எஸ்டேட் தோட்டத்துல சின்னப் பிள்ளையா இருக்குறப்ப சாயங்காலம் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாடி பொட்டி கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவாரு. பெங்காலி ரொட்டி, மேல கருக்கலா, உள்ள பஞ்சு மாதிரி, அத கெட்டியா வெட்டி வரக்கோப்பியில முக்கித் திங்கிறதுதான் எங்களுக்குப் பசியாற. அந்தப் பேரு வங்காளத்துல இருந்து வந்தது இல்ல, பினாங்குல கூட்டாளிங்க பங்கு போட்டு நடத்துன ரொட்டிக்கடையால பங்காளி ரொட்டின்னு ஆகி அப்படியே திரிஞ்சுருச்சுன்னு ஒரு பேச்சு உண்டு, எனக்கு அந்தக் கதை புடிக்கும். தாமானுக்கு வந்ததுக்கு அப்புறம் அந்த ஹாரன் சத்தம் நின்னு போச்சு. அப்புறம் ஒரு வருஷம் சக்கரவள்ளி தேவைக்கு மேல வெளஞ்சுச்சு, அவிச்சுத் தின்னு அலுத்து, மாவுல பிசைஞ்சு பாத்தேன். அப்படித்தான்.

என்ன மாவு வாங்கணும்?

பாக்கெட்ல தெப்போங் ரொட்டி, அதாவது ரொட்டி மாவுன்னு போட்டிருக்கணும். பின்னாடி புரோட்டீன் பாருங்க, 100 கிராமுக்கு 12-க்கு மேல இருந்தா நல்லது. கொழுக்கட்டைக்கும் பஜ்ஜிக்கும் வாங்குற சாதாரண கோதும மாவுல சுட்டா ரொட்டி ஏறும், ஆனா கேக்கு மாதிரி உதிரும், இழை வராது. வாங்கிட்டு வந்ததும் ரெண்டு மூணு நாள் ஐஸ்பெட்டி மேல் தட்டுல உறைய வச்சு எடுத்தா வண்டு வராது.

வீடியோவுல ரெண்டு மணி நேரம் மாவ ஊற விடச் சொல்றாங்க, அதே மாதிரி செஞ்சா புளிச்சுப் போகுதே?

இதுதான் என்கிட்ட தெனம் கேக்குற கேள்வி. வெதை பாக்கெட்டு கதைதான் இங்கயும். அவங்க அடுப்படி 20, 22 டிகிரி, நம்ம அடுப்படி மத்தியானம் 31, 32. ஈஸ்ட்டுக்கு அது கொண்டாட்டம். ரெண்டு மணி நேரத்துல நடக்குறது நமக்கு நாப்பத்தஞ்சு நிமிஷத்துல, சில நாள் அதுக்கும் முன்னாடியே முடிஞ்சிடும். கடிகாரத்த பாக்காதீங்க, மாவப் பாருங்க. ரெண்டு மடங்கு ஆனதும் வெரல காஞ்ச மாவுல தொட்டு உள்ள குத்துங்க. குழி மெதுவா பாதி நெரம்புனா சரி, சட்டுன்னு மூடிக்கிட்டா இன்னும் கொஞ்சம் நேரம், குழி அப்படியே நின்னு மாவு பொசுக்குன்னு அமுங்குனா கைய மீறிப் போச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு வெள்ளிக்கெழம மாவப் பிசைஞ்சு மூடி வச்சுட்டு அபிஷேகம் பாத்துட்டு வந்துடலாம்னு கோயிலுக்குப் போனேன். பூசை முடிஞ்சு, அன்னதானத்துல சாப்பிட்டு, வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசி வர மூணு மணி நேரம். கதவத் தெறந்தா கள்ளுக்கடை வாசம். மாவு மூடியத் தள்ளிட்டு மேடையில வழிஞ்சு கேஸ் அடுப்பு காலு வரைக்கும் போயிருந்துச்சு. வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டு யாரு வந்துட்டுப் போனான்னு கேட்டாரு. வாசம் ஒண்ணாத்தான் இருக்கும், கள்ளுல நொதிக்கிறதும் ஈஸ்ட்டுதானே, ஆப்ப மாவுக்கு அந்தக் காலத்துல கள்ளு ஊத்துனது அதுக்குத்தான். அந்த மாவ கொட்டல, வெங்காயம் பச்ச மொளகா போட்டு தோசைக்கல்லுல தட்டிப் போட்டோம்.

நம்ம ஊருக்கு என் அளவு இது: ரொட்டி மாவு 500 கிராம், தண்ணி 310 மில்லி, ஈஸ்ட் 5 கிராம், உப்பு 9 கிராம், சீனி 30, பட்டர் 30. தண்ணி ஐஸ் தண்ணியா இருக்கணும், பிசையிற சூட்டுலயே மாவு சூடேற ஆரம்பிச்சுடும். பட்டர பாதி பிசைஞ்சதுக்கு அப்புறம் சேருங்க. ஒரு தடவ ஏற விட்டு, காத்த அமுக்கி எடுத்து, உருட்டி ரெண்டு சின்ன டின்னுல வச்சு, டின்னு விளிம்புக்கு ஒரு வெரக்கடை கீழ வர்ற வரைக்கும் மறுபடி ஏற விடுங்க. ஓவன்ல 180 டிகிரியில முப்பது நிமிஷம். அடியில தட்டுனா வெறும் டப்பா தட்டுற சத்தம் வரணும்.

ராத்திரி பிசைஞ்சு காலையில சுடணும்னா ஈஸ்ட்ட 3 கிராமா கொறச்சு ஐஸ்பெட்டிக்குள்ள வச்சுடுங்க, எட்டு பன்னண்டு மணி நேரம் தாங்கும். ருசியும் அதுலதான் தூக்கல்.

பிசைஞ்சது போதும்னு எப்படித் தெரியும்?

கையால பத்துப் பன்னண்டு நிமிஷம். ஒரு துண்டு எடுத்து வெரலால மெல்ல இழுங்க, கிழியாம வெளிச்சம் தெரியுற அளவுக்கு சவ்வு மாதிரி வந்தா போதும். ஆரம்பத்துல கையில ஒட்டுதேன்னு மாவு மேல மாவு தூவாதீங்க, ரொட்டி கல்லாகுறதுக்கு முக்காவாசி காரணம் அதுதான். பரோட்டா மாவு பிசைஞ்ச கைக்கு இது ஒண்ணும் புதுசில்ல.

ஓவன் இல்லாம முடியுமா? கரண்ட்டு பில்லு ஏறுமோ?

என் ஓவன் 1,500 வாட், நாப்பது நிமிஷம் ஓடுனா ஒரு யூனிட்டு, அவ்வளவுதான். ஓவன் இல்லன்னா கனமான அலுமினியச் சட்டியில அரை அங்குலம் மணல் போட்டு, மேல கம்பி ஸ்டாண்டு வச்சு, மூடி பத்து நிமிஷம் காய வச்சு, உள்ள டின்ன எறக்கி சின்னத் தீயில முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம். மேல செவக்காது, உள்ள வெந்துடும். நான் ஆறு மாசம் அப்படித்தான் சுட்டேன்.

சக்கரவள்ளி பன் அளவு?

அவிச்சு மசிச்ச கெழங்கு 150 கிராம், நல்லா ஆறியிருக்கணும். ரொட்டி மாவு 350, ஈஸ்ட் 5, உப்பு 6, சீனி 30, பட்டர் 30. தண்ணிய 120 மில்லியில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, கெழங்குக்குக் கெழங்கு ஈரம் மாறும், மழையில வெளஞ்ச கெழங்கு தண்ணியாவே இருக்கும். கெழங்கு ஈரத்த புடிச்சு வச்சுக்குறதால மறுநாளும் மெத்துன்னு இருக்கும். உள்ள உருளைக்கெழங்கு பிரட்டல் வைக்கிறதா இருந்தா குழம்பு ஈரமே இல்லாம சுண்டணும், சூடாவும் இருக்கக் கூடாது. மேல கறிவேப்பிலைய எண்ணெயில தொட்டு ஒட்டுனா சுடுறப்ப வாசம் நாலு வீட்டுக்குப் போகும்.

ரெண்டே நாள்ல பூசணம் பூத்துடுதே?

கடை ரொட்டியில அதுக்கு மருந்து போடுவாங்க, நம்ம ரொட்டியில இல்ல, காத்துல ஈரம் வேற. நல்லா ஆறுனதுக்கு அப்புறம் வெட்டி, அன்னைக்கும் மறுநாளைக்கும் வேணுங்குறத வெளிய வச்சுட்டு மீதிய உறைய வச்சுடுங்க. ஐஸ்பெட்டி கீழ் தட்டுல வைக்காதீங்க, வெறச்சுப் போகும்.

சக்கர இருக்கு, ஆட்டா மாவுல சுடலாமா?

சுடலாம், பாதி ஆட்டா பாதி ரொட்டி மாவு, தண்ணி ரெண்டு மூணு ஸ்பூன் கூட. முழுசும் ஆட்டான்னா செங்கல்லு. ஆனா ஆட்டாவும் மாவுதான், ரெண்டு துண்டு திங்கிற எடத்துல ஆறு துண்டு தின்னா டாக்டர் என்னையத் திட்டுவாரு.

இவ்வளவு செய்றீங்களே, வித்தா என்னக்கா?

கேக்காத ஆளு இல்ல. முறையா விக்கணும்னா டைபாய்டு ஊசி, உணவு கையாளுற பயிற்சின்னு 2009-ம் வருஷத்து சட்டத்துல இருக்கு, அத முடிச்சுட்டு விக்கிறவங்க விக்கட்டும். நான் பண்டத்துக்குப் பண்டம் மாத்திக்குறேன். எதிர் வீட்டு மலாய் அக்காவுக்கு சக்கரவள்ளி பன் போகும், பாண்டான் எலையும் லெங்குவாஸ் கெழங்கும் வரும். மூணாவது வீட்டு சீனத் தாத்தாவுக்கு வெண்டி போகும், கோழி எரு ஒரு சாக்கு வரும், பச்சையா வரும். அத மழை படாம மூடி ரெண்டு மூணு மாசம் மக்க வச்சுட்டுத்தான் போடணும், இல்லன்னா வேர் வெந்துடும், ஈ மொய்க்கும். போன மாசம் மூடி கட்ட மறந்துட்டேன், காத்து எதிர் வீட்டுப் பக்கம் அடிச்சுச்சு, மறுநாள் பன்னு ரெண்டு மடங்கா அனுப்பி வச்சேன்.